மாற்றுவது கடைசி வேலை: ஒரு வீட்டின் ஒளிப்பதிவுத் திரட்டைப் பேணுவது எப்படி

கேள்வியின் சாரம் இது. கொக்குவிலில் உள்ள பெற்றோரின் வீட்டு அலுமாரியில் ஏறத்தாழ 140 விஎச்எஸ் கசெற்றுகள் இருக்கின்றன. ரொறொன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் சகோதரர்கள் கொண்டுவந்து விட்டுச்சென்ற ஹாய்8, மினிடிவி எனப்படும் கமெராக் கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. கலியாணவீட்டு இறுவட்டுகள் ஓர் அடுக்கு. இரண்டு வன்தட்டுகளில் கமெரா, கைப்பேசிக் கோப்புகள் 3 டெராபைட் அளவில். இவை எல்லாவற்றையும் எச்.265 என்ற ஒரே சுருக்க வடிவத்துக்கு மாற்றி, ஒரே பெரிய வன்தட்டில் போட்டுவிட்டுப் பழையவற்றைக் கழித்துவிடலாமா, அதற்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த மென்பொருள் என்பது இந்த வேலையில் மிகச் சிறிய கேள்வி. அதற்கு முன்னர் வேலையின் ஒழுங்கைத் தலைகீழாக்கிக்கொள்ளுமாறு கேட்கிறேன். நீங்கள் மாற்றுவதில் தொடங்கிப் பிரதி எடுப்பதில் முடிக்க நினைக்கிறீர்கள். பிரதி எடுப்பதில் தொடங்கி, கசெற்றுகளில் உள்ளவற்றைக் கணினிக்குள் கொண்டுவந்து, பட்டியலிட்டு, மாற்றும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்கு வரும்போது மாற்றவேண்டியவை நீங்கள் எண்ணியதில் கால்வாசிகூட இரா. ஏற்கெனவே டிஜிற்றல் கோப்பாக இருப்பவற்றில் பெரும்பாலானவை எந்த மாற்றமும் இல்லாமலே இன்றும் இயங்கும். பழைய கைப்பேசிகளின் 3ஜிபி கோப்பையும் வீசிடியில் உள்ள டாட் கோப்பையும் விஎல்சி என்ற இலவச மென்பொருள் தயங்காமல் திறந்து காட்டும். ஒருமுறை சுருக்கப்பட்ட படத்தை மீண்டும் சுருக்கும்போது போகும் நுணுக்கம் திரும்ப வராது. 3 டெராபைட்டையும் மாற்றி முடிக்கச் சாதாரணக் கணினி ஒன்று வாரக்கணக்கில் ஓடவேண்டியிருக்கும். கோப்புக்குள் பதிந்திருக்கும் படப்பிடிப்புத் திகதியும் அந்த ஓட்டத்தில் தொலையக்கூடும். இவ்வளவுக்கும் கிடைக்கும் ஆதாயம் இன்னொரு வன்தட்டின் விலையில் ஒரு பகுதிதான்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, இரண்டு புதிய வன்தட்டுகளை வாங்கி, இப்போது உள்ள 3 டெராபைட்டையும் இரண்டிலும் அப்படியே இறக்குவது. கோப்புறைகளை ஒழுங்குபடுத்துவது, இரட்டைப் பிரதிகளை நீக்குவது, பெயர் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியிலிருந்து வாங்காதீர்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே பழுதாவதும் உண்டு. நம்பமுடியாத மலிவு விலைக்கு இணையத்தில் விற்கப்படும் 16 டெராபைட் எஸ்எஸ்டிகளையும் பென் டிரைவ்களையும் தொடவேண்டாம். அவற்றில் பல, உள்ளே இருக்கும் சிறிய நினைவகத்தைப் பெரியதாகக் காட்டும் போலிகள். எழுதும்போது எல்லாம் ஏறியதுபோலக் காட்டிவிட்டு, திரும்ப வாசிக்கும்போது வெறுமையைத் தரும். எச்2ரெஸ்ற்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பார்த்து இந்தக் குட்டை உடைத்துவிடும். ஒரு நாள் எடுத்தாலும், நல்ல கடையில் வாங்கிய வன்தட்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்த பிறகே அதில் கோப்புகளை ஏற்றுங்கள்.

இனிக் கசெற்றுகள். உண்மையில் அழிந்துகொண்டிருப்பவை இவைதான். நாடாவில் உள்ள காந்தப்பூச்சும் அதைப் பிடித்திருக்கும் பசையும் சூட்டிலும் ஈரத்திலும் பழுதடைகின்றன. யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. அதைவிட அவசரமானது கசெற்றை ஓட்டும் இயந்திரம், அதாவது டெக். உலகில் விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட யப்பானின் ஃபுனாய் 2016 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பவை யாவும் பழையவை. அவற்றின் றப்பர் பட்டிகள் நெகிழ்ந்தும் உருளைகள் இறுகியும் இருக்கும். திருத்தத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள்.

140 கசெற்றுகளையும் வரிசையாக அடுக்கி முதலாவதிலிருந்து தொடங்காதீர்கள். சினிமாப் படக் கொப்பிகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் இரண்டு மூன்றை மட்டும் டெக்கைச் சோதிப்பதற்கென்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சியவற்றில், வேறெங்கும் பிரதி இருக்க வாய்ப்பில்லாதவை எவை என்று பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற முன்னர் மயிலிட்டியிலோ காங்கேசன்துறையிலோ பலாலியிலோ எடுக்கப்பட்ட கசெற் ஒன்று உங்களிடம் இருந்தால், அதில் கலியாணத்துக்குப் பின்னால் தெரியும் வீடும் மதிலும் ஒழுங்கையும் இன்று நிலத்தில் இல்லாதிருக்கலாம். அவை முதலில். அடுத்தபடியாக 1990 முதல் 1995 வரையிலானவை. குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயில் மின்பிறப்பாக்கியை ஓட்டி, பற்றறிக்கும் தடையிருந்த காலத்தில் எடுக்கப்பட்டவை எண்ணிக்கையில் குறைவு. அவற்றுள்ளும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வைத் தாண்டி வந்தவை இன்னும் குறைவு. 2002 இற்குப் பிறகு எடுக்கப்பட்ட கலியாணங்களுக்குப் பெரும்பாலும் இறுவட்டுப் பிரதி எங்காவது ஒரு உறவினரிடம் இருக்கும், அவை காத்திருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தில் சாமத்தியவீடோ கலியாணமோ நடந்தால் ஸ்ரூடியோக்காரர் தொகுத்த மூலக்கசெற்றிலிருந்து பல பிரதிகள் எடுத்து வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அனுப்புவது வழக்கம். விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு பிரதியும் முன்னையதைவிட மங்கும். உங்கள் அலுமாரியில் உள்ளது, திரும்பத் திரும்ப ஓடித் தேய்ந்த மூன்றாம் பிரதியாக இருக்க, லண்டனில் பெரியப்பா வீட்டு நிலவறையில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு வைத்த நல்ல பிரதி குளிர்ந்து உலர்ந்த காற்றில் கிடக்கலாம். வேலையைத் தொடங்க முன்னர் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவையுங்கள்.

ஒரு கசெற்றை டெக்கில் போடுவதற்கு முன் என்ன செய்யவேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அதிகமான சேதம் இந்த இரண்டு நிமிடங்களில்தான் நடக்கிறது. கசெற்றின் மேற்பக்கக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் தட்டையான விளிம்பை ரோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். சுருள் கறுப்பாக, ஒரே சீராக மினுங்கவேண்டும். வெள்ளைப் புள்ளிகளோ சிலந்திவலைபோன்ற இழைகளோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே ஓட்டினால் வித்துகள் டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் நல்ல கசெற்றுகளுக்கும் பரவும். நாடா ஒட்டிக்கொண்டு கிழியவும் கூடும். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனிப் பெட்டியில் போட்டுக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அவற்றைச் சுத்தப்படுத்துவது முகமூடி அணிந்துகொண்டு திறந்த வெளியில், அதற்கென்றே வைத்த வேறொரு பழைய டெக்கில் செய்யவேண்டிய வேலை. அடுத்து, கசெற்றின் பக்கவாட்டில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கி, நாடா மடிந்தோ சுருங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். பின்விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் மேலே எதுவும் பதியாது. கசெற்றின் கோது உடைந்திருந்தால் அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை ஒரு படக் கசெற்றின் கோதுக்குள் மாற்றலாம். எல்லாம் சரியென்றால், ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிய பிறகே பதிவெடுக்கத் தொடங்குங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த நாடா அப்போதுதான் தளர்ந்து சீராகும்.

ஹெட்டைத் துடைப்பதற்குப் பஞ்சுக்குச்சியைப் பாவிக்கவேண்டாம். பஞ்சின் இழை ஹெட்டின் விளிம்பில் சிக்கி அதை முறித்துவிடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த மென்தோலையோ இழை பிரியாத கடதாசியையோ ஹெட் பொருந்தியிருக்கும் உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் பக்கவாட்டில் மெதுவாகச் சுழற்றவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்ப்பது கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த கசெற்றுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கையும் பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே போன்ற நாடுகளும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பாவித்தன, கனடா என்ரிஎஸ்சி, பிரான்ஸ் செகாம். பாலில் செக்கனுக்கு 25 படங்கள், 625 கோடுகள், என்ரிஎஸ்சியில் 29.97 படங்கள், 525 கோடுகள். செகாம் கசெற் சாதாரண பால் டெக்கில் ஓடும், ஆனால் நிறமின்றி ஓடும். அதைக் கண்டு கசெற் பழுது என்று எறிந்தவர்கள் இருக்கிறார்கள். கனடாக் கசெற்றை நம் ஊர் டெக்குகள் சில ஓட்டிக் காட்டும், எனினும் அவை வெளியே தருவது உண்மையான என்ரிஎஸ்சி அன்று, பால்-60 என்ற கலப்பு வடிவம். தொலைக்காட்சிப் பெட்டி அதை ஏற்றுக்கொண்டாலும், மலிவான பதிவுக் கருவிகள் தடுமாறிக் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோடும் படமாகவோ பதியும். ரொறொன்ரோவிலிருந்து வந்த ஹாய்8 கசெற்றுகளுக்கு அந்த நாட்டுக் கமெராவே வேண்டும். என் அபிப்பிராயத்தில் அவற்றைத் திரும்ப ரொறொன்ரோவுக்கே கொடுத்தனுப்பி, அங்கேயே சகோதரரைப் பதிவெடுக்கச் சொல்வதுதான் செலவும் சிரமமும் குறைந்த வழி.

பதிவெடுக்கும் முறைக்கு வருவோம். டெக்கில் எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லையேல் மஞ்சள் முனையுள்ள ஏவி வயர். அங்கிருந்து யூஎஸ்பி பதிவுக் கருவி, அங்கிருந்து கணினி. இப்போது கடைகளில் விற்கும் ஏவி-எச்டிஎம்ஐ பெட்டிகளை இடையில் செருகவேண்டாம். அவை படத்தைத் தாமாகவே பெருப்பித்து, 4:3 அளவில் எடுத்ததை 16:9 ஆக இழுத்து, மணப்பெண்ணையும் தோழியையும் ஒரே அடியாகக் கொழுக்கவைத்துவிடும். மென்பொருளில் பால் முறையையும் 720×576 அளவையும் தெரிவுசெய்யுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னப்பட்ட படவரிகளை (interlaced) அப்படியே விடுங்கள். பதிவெடுக்கும் கட்டத்தில் அழகுபடுத்தக் கூடாது. ஒலி 48 கிலோஹேர்ட்ஸ். விர்ச்சுவல்டப் என்ற மென்பொருள் இதற்குப் போதுமானது, இலவசமானது. திரையின் அடியில் நடுங்கும் சில கோடுகள் தெரியும். அவை பழைய தொலைக்காட்சிகளில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தவை. அவற்றையும் வெட்டவேண்டாம்.

படம் சிதறும், மேற்பகுதி கொடிபோல வளையும் கசெற்றுகளுக்கு ரிபிசி எனப்படும் நேரத்திருத்தி தேவை. தனிக்கருவி விலை கூடியது. பழைய டிவிடி ரெக்கோடர்கள் சிலவற்றின் ஊடாகப் படத்தைக் கடத்தினாலே வளைவு கணிசமாக நேராகிவிடும் என்பதால், யாராவது எறிய வைத்திருக்கும் ரெக்கோடர் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு கசெற் முடிந்ததும் கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்து, உதடும் குரலும் சேர்ந்து அசைகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். கணினி இடையில் படங்களைத் தவறவிட்டிருந்தால் அது கடைசியில்தான் வெளிப்படும். முதல் வெற்றுத்திரை வந்தவுடன் நிறுத்தியும் விடாதீர்கள். கசெற் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் ஒரு பிறந்தநாளுக்குப் பின்னால், சில நிமிட வெறுமைக்கு அப்பால், இன்னொருவருடைய அந்தியேட்டி பதிந்திருக்கும்.

எந்த வடிவத்தில் பதிவெடுப்பது? எஃப்எஃப்வி1 என்ற இழப்பற்ற குறியீட்டு முறையைப் பரிந்துரைக்கிறேன். ஆவணக்காப்பகங்கள் பாவிப்பது, திறந்த தரம், 2021 இல் இணையத் தரங்களை வெளியிடும் அமைப்பின் ஆவணமாகவும் பதிவானது. இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 35 ஜிகாபைட் செல்லும். 140 கசெற்றுகளும் சராசரி இரண்டு மணித்தியாலம் என்று கொண்டால் 280 மணித்தியாலம். எல்லாவற்றையும் இழப்பின்றி வைத்திருக்க 7 முதல் 10 டெராபைட் வரை வேண்டும். அது சிரமமென்றால், மேலே முதலில் எடுக்கச் சொன்ன கசெற்றுகளை மட்டும் எஃப்எஃப்வி1 இல் நிரந்தரமாக வையுங்கள். மற்றவற்றை நல்ல தரத்தில், எச்.265 இற்கு முந்திய சுருக்க முறையான எச்.264 ஆக்கி, சரிபார்த்த பிறகு பெரிய கோப்பை நீக்கிவிடலாம். விஎச்எஸ்ஸில் உள்ள விபரமே ஏறத்தாழ 240 கோட்டு அளவுதான் என்பதால், மூன்றாம் பிரதிக் கசெற் ஒன்றுக்கு 60 ஜிகாபைட் ஒதுக்குவதை நான் வற்புறுத்தமாட்டேன்.

மினிடிவி முற்றிலும் வேறு விடயம். அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிற்றல் தரவு. அதை மஞ்சள் வயர் வழியாக ஓட்டிப் பதிவெடுத்து இறுவட்டில் அடித்துத் தரும் கடைகளிடம் கொடுக்காதீர்கள். ஃபயர்வயர் வயரால் கமெராவைக் கணினியோடு இணைத்தால் நாடாவில் உள்ள தரவு ஒரு எழுத்தும் பிசகாமல் அப்படியே இறங்கும்; மணித்தியாலத்துக்கு 13 ஜிகாபைட். ஒவ்வொரு காட்சியும் எடுக்கப்பட்ட திகதியும் நேரமும் அதனுடனேயே வந்துசேரும் என்பது பெரிய வரம், கமெராவின் மணிக்கூடு சரியாக வைக்கப்பட்டிருந்தால். மேசைக்கணினி ஒன்றுக்கு ஃபயர்வயர் அட்டை பொருத்துவது அதிகச் செலவில்லை. சோனியின் டிஜிற்றல்8 கமெராக்களில் பல மாதிரிகள் பழைய ஹாய்8 நாடாவையும் ஓட்டி, அதே ஃபயர்வயரால் டிஜிற்றலாகத் தரும். இரண்டாங்கையாக அப்படி ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள்.

இறுவட்டுகளில் மாற்றவேண்டியது எதுவும் இல்லை. வெளியே எடுக்கவேண்டியதுதான் உண்டு. வீட்டில் எழுதிய டிவிடியில் தரவைத் தாங்குவது ஒரு சாயம்; வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது வெளிறும். கலியாணச் சோடியின் படம் அச்சிட்ட கடதாசியை மேலே ஒட்டியிருந்தால் அது சுருண்டு இன்னும் கெடுக்கும். வட்டை முழுமையாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். வாசிக்க மறுத்தால் மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுப்பதை இன்னொன்று வாசிப்பது சர்வசாதாரணம். அப்போதும் அடம்பிடிப்பவற்றுக்கு லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. டிவிடியில் ஒரு ஜிகாபைட் துண்டுகளாகக் கிடக்கும் வொப் கோப்புகளை மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் சற்றும் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாக்கித் தரும்.

கமெரா அட்டைகளிலிருந்து வந்த ஏவிசிஎச்டி கோப்புறைகளைக் கலைக்காமல் முழுதாக வைத்திருங்கள். நீண்ட காட்சிகள் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும், அவற்றை ஒட்டும் விபரம் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் வந்தவை பிழிந்து எடுத்த சக்கை. எடுத்தவரின் கைப்பேசியில் மூலம் இன்னும் இருந்தால், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

பட்டியல் இல்லாத திரட்டு பத்து வருடத்தில் யாருக்கும் பயன்படாது. ஒவ்வொரு கசெற்றிலும் இறுவட்டிலும் ஒரு தொடரிலக்கத்தை ஒட்டி, அதே இலக்கத்தைக் கோப்பின் பெயரிலும் இடுங்கள். பெயர் திகதியில் தொடங்கட்டும், வருடம் முதலில்: 1993-08_017_சாமத்தியவீடு என்பதுபோல. நாள் தெரியாவிட்டால் மாதத்தோடும், மாதமும் தெரியாவிட்டால் வருடத்தோடும் நின்றுவிடுங்கள். கசெற் உறையில் எழுதியிருப்பதையும் ஸ்ரூடியோவின் தொடக்க எழுத்தோட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். தமிழில் பெயரிடத் தயங்கவேண்டாம், ஆனால் யூனிகோட்டில் மட்டும் தட்டுங்கள். பாமினியில் தட்டிய பழைய பட்டியல் ஏதும் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும், இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆட்களின் பெயர்களை மென்பொருள் எதுவும் தராது. பார்க்கத்தக்க பிரதி ஒன்று ஆயத்தமானவுடன் பெரியம்மாவையோ அயலில் உள்ள மூத்தவர் ஒருவரையோ இருத்தி ஓடவிட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். “உவர் சங்கக்கடை மனேச்சர், அங்காலை நிக்கிறது அவற்றை மூத்தது” என்று அவர் போகிற போக்கில் சொல்வது, நீங்கள் படிவம் நீட்டிக் கேட்டால் வராது. அந்த ஒலிக்கோப்பையும் அதே இலக்கத்துடன் சேமியுங்கள். கசெற்றுக்கு இன்னும் சில வருடம் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்கமுடியாது.

இப்போது மாற்றும் வேலை. பார்ப்பதற்கும் பகிர்வதற்குமான பிரதிக்கு எச்.264, எம்பி4 என்பதே என் தெரிவு. எச்.265 இடத்தை மிச்சம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாமாவின் வீட்டில் உள்ள பழைய தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகினால் ஓடவேண்டும் என்பதே பார்வைப் பிரதியின் நோக்கம். அதற்கு 2003 இல் வந்து எங்கும் பரவிய எச்.264 இற்கு ஈடில்லை. ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் தர அளவை 18 முதல் 20 வரை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இலக்கம் கூடக்கூடத் தரம் குறையும். பின்னிய வரிகளைப் பிரிக்கும்போது செக்கனுக்கு 25 படமாகக் குறைக்காமல் 50 ஆக வெளியிடச் சொல்லுங்கள். தவில்காரரின் கையும் ஊஞ்சலில் ஆடும் பிள்ளையும் வெட்டி வெட்டி அசையாமல், அன்று தொலைக்காட்சியில் கண்டதுபோல வழுக்கிச் செல்லும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டளையில் ஓட்டவேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழி மென்பொருளைப் பழகலாம். ஹாண்ட்பிரேக்கின் உள்ளேயும் அதன் நூலகங்களே இயங்குகின்றன. மாற்றிய ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்குகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். மங்கிய முகத்தில் இல்லாத விபரத்தை அந்த மென்பொருள் ஊகித்து வரைகிறது. தூரத்தில் நின்ற பாட்டிக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணும் வாயும் வந்துசேரும். விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். அதைத் தனிக் கோப்பாக, அப்படிச் செய்தது என்று பெயரில் குறித்து வையுங்கள். மூலத்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

இனிக் காப்புப் பிரதிகள். மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. 1981 இல் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் ஓரிரவில் எரிந்த யாழ்ப்பாணத்தில், ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை நான் விளக்கவேண்டியதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு வேறிடம் என்பது இலகுவில் கிடைக்கிறது. ஒரு பிரதி கொக்குவில் வீட்டில், இன்னொன்று சற்றுத் தள்ளி வேறொரு உறவினர் வீட்டில், மூன்றாவது ரொறொன்ரோவில். நல்லூர்த் திருவிழாவுக்கு யாராவது வரும்போது அங்குள்ள வன்தட்டைக் கொண்டுவரச் செய்து, அந்த வருடம் சேர்ந்தவற்றை ஏற்றித் திருப்பி அனுப்பலாம். கைப்பையில் கொண்டுபோகட்டும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய வன்தட்டாக இருந்தால் வழியில் தொலைந்தாலும் குடும்ப அந்தரங்கம் வெளியே போகாது. அந்தக் கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

இணையச் சேமிப்பைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட்டை ஏற்ற 220 மணித்தியாலத்துக்கு மேல், அதாவது ஒன்பது நாளுக்கு மேல், இடைவிடாது எடுக்கும். ஆகவே பார்வைப் பிரதிகளையும் பட்டியலையும் மட்டும் அங்கே வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

வன்தட்டுகளைச் சமப்படுத்தும் மென்பொருளில் கண்ணாடிப் பிரதி என்ற முறை இருக்கும்: இங்கே அழிந்தது அங்கேயும் தானாக அழியும். அதை இயக்கிவிட்டுக் காப்புப் பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கமுடியாது. பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரசும் அதே பாதையால் இரண்டாவது வன்தட்டுக்குப் போய்விடும். பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைக் கழற்றியே வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணித்து ஒரு பட்டியலாக மூன்று வன்தட்டிலும் வைத்து, வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பு ஓசையின்றிக் கெட்டிருந்தால் எந்தப் பிரதி நல்லது என்று அந்த எண் சொல்லிவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் எந்த வன்தட்டையும் நம்பவேண்டாம். பென் டிரைவையும், மின்சாரமின்றி அலுமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டியையும் நீண்டகாலச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2022 இல்போலப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இப்போது இல்லை என்றாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் மின்சாரம் போய்வந்தால் வன்தட்டின் கோப்பு அட்டவணை குழம்பிவிடலாம். கோப்பு முறைமையாக, வீட்டில் நிற்கும் வன்தட்டுக்கு என்ரிஎஃப்எஸ், பயணம் செய்யும் வன்தட்டுக்கு மக் கணினியிலும் இயங்கும் எக்ஸ்ஃபாட் என்று வைத்துக்கொள்வது நல்லது. இடி மின்னல் காலத்தில் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

இந்தக் கசெற்றுகளை யூரியூப்பில் ஏற்றினால் போதாதா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அக்காலக் கலியாண வீடியோக்களில் தாலிகட்டின் மேளத்தைக்கூட அமத்திவிட்டுப் படப்பாட்டைப் போட்டிருப்பார்கள். அந்தப் பாட்டின் உரிமை காரணமாக ஒலி முடக்கப்படும் அல்லது படமே தடுக்கப்படும். அங்கிருந்து திரும்ப இறக்கினாலும் சுருங்கிய பிரதிதான் கிடைக்கும். போர்க்காலப் பதிவுகளில் தெரியும் எல்லோருடைய சம்மதமும் உங்களிடம் இல்லை என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். காணாமற்போன பிள்ளை ஒன்றின் முகத்தை அதன் தாய் எச்சரிக்கையின்றி பேஸ்புக்கில் காணும்படி ஆகக்கூடாது. கோயில் தேர், பாடசாலை விளையாட்டுப்போட்டி, இன்று இல்லாத ஒரு தெரு என ஊருக்கு உரியவையாக ஏதேனும் இருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்தாரோடு கதைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, பழையவற்றைக் கழித்துவிடலாமா என்ற கேள்வி. படக் கொப்பிகளையும், பிரதி நல்லபடி எடுத்துச் சரிபார்த்த இறுவட்டுகளையும் கழிக்கலாம். மினிடிவி நாடாக்களையும், முதற்படியாக ஒதுக்கிய விஎச்எஸ் கசெற்றுகளையும் வைத்திருங்கள். நீங்கள் இன்று எடுத்ததைவிட நல்ல பதிவை, நல்ல டெக் ஒன்று கிடைத்தால், நாளை இன்னொருவர் எடுக்கக்கூடும். முழுதாகத் திருப்பிச் சுற்றி, கிடையாக அல்லாமல் புத்தகம்போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். தகரக்கூரைக்குக் கீழுள்ள பரணும் ஒலிபெருக்கிக்குப் பக்கமும் வேண்டாம். மாரி தொடங்க முன்னர் அந்தப் பொதிகளை வெயிலிலோ மெல்லிய சூட்டிலோ உலர்த்தித் திரும்ப இடவேண்டும். நிறம் மாறும் மணிகள் உள்ள பொதியாக வாங்கினால் எப்போது உலர்த்துவது என்பது பார்த்தவுடனே தெரியும்.